பாதியில் நின்றாலும் கோப்பு கெடக் கூடாது: சிஸ்டம் கோப்புகளைத் திருத்தும் நிரலுக்கு முழு வழிகாட்டி

பாஸ்வேர்டு கோப்பில், அதாவது லினக்ஸில் பயனர் கணக்குகளின் பட்டியல் இருக்கும் கோப்பில், ஒரு வரி சேர்க்க வேண்டும். கோப்பைத் திறந்து, வரியை எழுதி, மூடினால் முடிந்தது. உங்கள் கணினியில் பத்து முறை ஓட்டிப் பார்த்தால் பத்து முறையும் சரியாகவே நடக்கும். அப்புறம் அதே நிரல் சர்வருக்குப் போகிறது. ஒருநாள் டிஸ்க் நிரம்பியிருக்கிறது, அல்லது யாரோ நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்துகிறார். மறுநாள் காலை அந்த சர்வருக்குள் ஒருவராலும் நுழைய முடியவில்லை. பார்த்தால் கோப்பின் அளவு 0.

நானே ஒரு முறை இப்படி ஒரு சர்வரைப் படுக்க வைத்திருக்கிறேன். அதன் பிறகு, புதிதாக வந்த பலருக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள். ஃபங்ஷன்களின் பெயர் அவர்களுக்குத் தெரியும். எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. லினக்ஸில் சி மொழி என்று வைத்துக்கொண்டு அந்த வரிசையைச் சொல்கிறேன். ஷெல், பைத்தான் பயன்படுத்துபவர்களுக்கு 12ஆம் பகுதி.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: புதிய உள்ளடக்கத்தைத் தனியாக ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, கடைசியாக அதற்குப் பழைய கோப்பின் பெயரைக் கொடுக்கும் நொடி வரை பழைய கோப்பைத் தொடக் கூடாது.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு விர்ச்சுவல் மெஷின் வேண்டும். சிஸ்டம் கோப்புகள் இருக்கும் உண்மையான இடிசி அடைவில் பழகாதீர்கள். பாஸ்வேர்டு கோப்பு, கடவுச்சொற்களின் ஹாஷ் இருக்கும் ஷேடோ கோப்பு இரண்டின் நகலையும் வேறொரு அடைவில் வைத்து, நிரல் எந்த அடைவில் வேலை செய்ய வேண்டும் என்பதை வெளியிலிருந்து சொல்லும்படி எழுதுங்கள். சோதனை செய்ய அது இல்லாமல் முடியாது.

நிரலின் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ் நிறுவியிருக்க வேண்டும்; 4.16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. வேலை நடக்கும்போது இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல் ஒன்று திறந்தே இருக்கட்டும். பாஸ்வேர்டு கோப்பு கெட்ட பிறகு புதிதாக நுழைய முடியாது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்தான் கைகொடுக்கும்.

1. எழுதியது எங்கே தங்கி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு எழுதும் வரி நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நிரலுக்குள்ளேயே இருக்கும் பஃபரில் சேர்கிறது. ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) சாதாரணக் கோப்புக்கு அது பெரும்பாலும் 4096 பைட். அது நிரம்பினால், அல்லது எஃப்ஃப்ளஷ், எஃப்க்ளோஸ் அழைத்தால்தான் கர்னலுக்குப் போகும்.

கர்னலும் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. தன் நினைவகத்தில், பேஜ் கேஷில், வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் மாறிய பக்கம் 30 நொடி வரை அப்படியே காத்திருக்கலாம். அதைத் தாண்டினால் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ் இருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டு கோப்பு 2 கிலோபைட் என்றால் மொத்தமும் அந்த முதல் பஃபருக்குள் அடங்கிவிடும். டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் எஃப்பிரிண்ட்எஃப் ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே சொல்லும். பிழை எஃப்க்ளோஸில்தான் வெளிப்படும், அதன் விடையைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

கெட்டுப்போன கோப்பு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதன் அளவைப் பாருங்கள். சரியாக 4096 அல்லது அதன் மடங்காக இருந்து, கடைசி வரி நடுவில் அறுந்திருந்தால், பஃபர் ஒன்று போய் அடுத்தது போகாமல் நின்றது என்று அர்த்தம்.

அறுந்த வரி வெறும் அழகுக் குறை இல்லை. பாஸ்வேர்டு கோப்பில் கடைசிப் புலம் ஷெல். அந்தப் புலம் காலியாக இருந்தால் சாதாரண ஷெல் என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். நோலாகின் என்று பூட்டி வைத்த கணக்கின் வரி சரியாக அந்த இடத்தில் அறுந்தால், உள்ளே நுழையக் கூடாத கணக்குக்கு ஷெல் கிடைத்துவிடுகிறது.

2. நிரல் தொடங்கியதும் சூழலைச் சரிசெய்யுங்கள்

நிரலை யார் எந்த நிலையில் தொடங்கினார் என்பது உங்கள் கையில் இல்லை. கோப்பு அளவு வரம்பு, யூமாஸ்க் (புதுக் கோப்பிலிருந்து கழிக்க வேண்டிய அனுமதிகள்), எந்தெந்த சிக்னல் புறக்கணிக்கப்படுகிறது என்பதெல்லாம் தொடங்கியவரிடமிருந்து அப்படியே வந்து சேரும். செட்யூஐடி நிரலானாலும், அதாவது யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய (பெரும்பாலும் ரூட்) அதிகாரத்தில் ஓடும் நிரலானாலும், இப்படித்தான்.

யூலிமிட் கட்டளையில் எஃப் விருப்பத்தைப் போட்டு 1 என்று வைத்தால், பாஷ் ஷெல்லில் 1024 பைட்டுக்கு மேல் எந்தக் கோப்பும் வளராது. சாதாரணப் பயனர் இப்படி வைத்துவிட்டு உங்கள் செட்யூஐடி நிரலை ஓட்டினால், எழுதுவது பாதியில் வெட்டப்படும். ஜிலிப்சியின் ஆட்எம்என்டென்ட் ஃபங்ஷன், மவுண்ட் ஆனவற்றின் பட்டியலான எம்டேப் கோப்பில் வரி சேர்க்கும்போது இந்தத் தோல்வியைத் தெரிவிக்காமல் விட்டதுதான் சிவிஇ-2011-1089 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பதிவு எண்). 2.13 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது.

ஆகவே முதல் வேலை: ஆர்லிமிட் எஃப்சைஸ் வரம்பை எல்லையற்றதாக்குங்கள், கோர் வரம்பை 0 ஆக்குங்கள், யூமாஸ்க்கை 077 ஆக்குங்கள். கோர் வரம்பு எதற்கு என்று கேட்பார்கள். ஷேடோ கோப்பின் உள்ளடக்கம் நினைவகத்தில் இருக்கும்போது நிரல் விழுந்தால், அது கோர் கோப்பில் போய் விழக் கூடாது. ஷேடோ தொகுப்பில் பிடபிள்யூடி இனிட் என்ற சிறிய ஃபங்ஷன் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு முறை படித்துப் பாருங்கள்.

0, 1, 2 ஆகிய மூன்று டிஸ்கிரிப்டர்களும் (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி ஆகியவற்றுக்கான எண்கள்) திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2 மூடியிருந்தால், நீங்கள் திறக்கும் சிஸ்டம் கோப்புக்கே அந்த எண் கிடைக்கலாம். பிறகு அச்சிடும் பிழைச் செய்தி அந்தக் கோப்புக்குள் போய்ச் சேரும். செட்யூஐடி நிரல்களுக்கு ஜிலிப்சி இதைப் பார்த்துக்கொள்கிறது. டீமன்களுக்கும் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) அவை தொடங்கும் நிரல்களுக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

3. சிக்னல்களுக்கு முன்கூட்டியே முடிவெடுங்கள்

அதிகம் குழம்பும் இடம் இதுதான். சிக்னல்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தெளிவாகிவிடும்.

முதல் வகை, புறக்கணிக்க வேண்டியவை. சிக்எக்ஸ்எஃப்எஸ்இசட், சிக்பைப் இரண்டும் இதில் அடங்கும். கோப்பு அளவு வரம்பைத் தாண்டினால் கர்னல் சிக்எக்ஸ்எஃப்எஸ்இசட் அனுப்பும்; இயல்பு நிலையில் நிரல் அங்கேயே செத்துவிடும். புறக்கணித்தால் ரைட் அழைப்பு ஈஎஃப்பிக் என்ற பிழையோடு திரும்பும், நீங்கள் ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு வெளியேறலாம். இதைப் புறக்கணிப்பதற்குப் பதிலாகத் தடுத்து வைப்பது பலர் செய்யும் தவறு. தடுத்தால் சிக்னல் வரிசையில் காத்திருக்கும்; தடையை எடுத்த நொடியில் நிரலைக் கொல்லும்.

இரண்டாம் வகை, நீங்கள் வசதிப்பட்ட இடத்தில் கவனிக்க வேண்டியவை. சிக்இண்ட், சிக்டெர்ம், சிக்ஹப், சிக்குவிட். இவற்றுக்கான ஹேண்ட்லரில் ஒரே ஒரு வேலைதான்: ஒரு கொடியை 1 ஆக்குவது. அந்தக் கொடியை வாலட்டைல் சிக்அடாமிக்டி என்று அறிவியுங்கள். எழுதும் லூப்பிலும், பெயர் மாற்றுவதற்கு முன்னும் கொடியைப் பாருங்கள்.

ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப், மலாக், எக்ஸிட் எதுவும் கூடாது. சிக்னல் எந்த இடத்தில் வந்து குறுக்கிடும் என்று தெரியாது. எஃப்பிரிண்ட்எஃப் தன் பஃபரை நகர்த்திக்கொண்டிருக்கும் நடுவிலும் வரலாம். எக்ஸிட் இன்னும் மோசம். அது வெளியேறும் முன் பஃபரில் மிச்சம் இருப்பதையெல்லாம் கோப்பில் கொட்டும். நீங்கள் நிறுத்த நினைத்த பாதி வரியை அதுவே எழுதிவைக்கும்.

சிக்டிஎஸ்டிபி, அதாவது கன்ட்ரோல்-இசட், பலர் மறப்பது. அது நிரலைக் கொல்வதில்லை, உறைய வைக்கிறது. பூட்டைக் கையில் வைத்தபடி உறைந்தால் மற்ற எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். பூட்டு கையில் இருக்கும் நேரம் முழுவதும் அதைத் தடுத்து வையுங்கள்.

மூன்றாம் வகை, உங்களால் ஒன்றும் செய்ய முடியாதவை: சிக்கில், சிக்ஸ்டாப். செட்யூஐடி நிரலில் ரியல் யூஐடி (ஓட்டியவர் யார் என்று காட்டும் எண்) இன்னும் பயனருடையதாகவே இருக்கும், அதனால் ரூட்டாக ஓடும் அந்த நிரலுக்கு அந்தப் பயனரே சிக்கில் அனுப்ப முடியும். செட்யூஐடி 0 என்று அழைத்து மூன்று யூஐடிகளையும் ரூட்டாக்கினால் அந்த வழி அடைபடும். அனுமதிச் சோதனைகளை முடித்த பிறகு அதைச் செய்யுங்கள். அப்படியும் மின்சாரம் போவதை எந்தத் தடையாலும் நிறுத்த முடியாது. சிக்னல்களைத் தடுத்துவிட்டோம், இனிப் பழைய கோப்பின் மேலேயே எழுதலாம் என்று ஒருவரும் நினைக்காமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

4. பூட்டிய பிறகு படியுங்கள்

பாஸ்வேர்டு, ஷேடோ கோப்புகளுக்கு எல்சிகேபிடபிள்யூடிஎஃப் அழையுங்கள். 15 நொடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் தோல்வி என்று திரும்பும். உங்கள் சொந்தக் கோப்பு என்றால் தனியாக ஒரு பூட்டுக் கோப்பை வைத்து எஃப்லாக் அல்லது எஃப்சிஎன்டிஎல் பூட்டு போடுங்கள்.

பூட்டைத் தரவுக் கோப்பின் மேலேயே போடக் கூடாது. பெயர் மாற்றியதும் அந்தப் பெயரில் வேறு ஐநோடு (பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோப்பு) வந்துவிடும். காத்திருந்தவருக்குப் பழைய ஐநோடின் பூட்டு கிடைக்கும், புதிதாக வந்தவருக்குப் புதியதன் பூட்டு கிடைக்கும், இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள்.

கோப்பு இருந்தால் பூட்டு, இல்லாவிட்டால் திறப்பு என்ற பழைய முறையிலும் சிக்கல் உண்டு. நிரல் செத்தால் பூட்டுக் கோப்பு அங்கேயே கிடக்கும். மவுண்ட் நிரல் தோல்விக்குப் பிறகு எம்டேப்பின் பூட்டுக் கோப்பை நீக்காமல் விட்டது சிவிஇ-2011-1677 ஆனது. கர்னல் தரும் பூட்டு, நிரல் எப்படிச் செத்தாலும் தானாக விடுபடும்.

படிப்பது பூட்டுக்குப் பின்தான். முன்னால் படித்துவிட்டுப் பிறகு பூட்டினால், இடையில் இன்னொருவர் சேர்த்த வரி உங்கள் பழைய நகலால் அழியும். கோப்பு கெட்டதாகத் தெரியாது, ஒரு வரி மட்டும் காணாமல் போயிருக்கும். கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான பிழை இது.

5. அதே அடைவில் தற்காலிகக் கோப்பு

எம்கேஎஸ்டெம்ப் கொண்டு, இலக்குக் கோப்பு இருக்கும் அதே அடைவில் புதுக் கோப்பை உருவாக்குங்கள். ரீநேம் ஒரே கோப்பு முறைமைக்குள்தான் நடக்கும். வேறு இடம் என்றால் ஈஎக்ஸ்டெவ் பிழை வரும். டெம்ப் அடைவு பல சிஸ்டங்களில் நினைவகத்தில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ்.

வரியைப் பின்னால் ஒட்டுவதுதானே, அதற்கு எதற்கு இத்தனை என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஒட்டுவதும் பாதியில் நிற்கும். அறுந்த வரியின் இறுதியில் வரிமுறிவு இருக்காது. அடுத்து ஒட்டப்படும் நல்ல வரி அதோடு சேர்ந்து ஒரே வரியாகிவிடும்.

நேரடியாகத் திருத்துவதன் விலை என்ன என்பதற்கு சிவிஇ-2015-3246 நல்ல உதாரணம். பயனர் கணக்குகளைக் கையாளும் லிப்யூசர் நூலகம் பாஸ்வேர்டு கோப்பை நேராக அதன் மேலேயே திருத்தியது. நடுவில் பிழை வரவழைத்தால் கோப்பு அரைகுறையாக நின்றது. இன்னொரு குறையான சிவிஇ-2015-3245 உடன் சேர்த்தால் சாதாரணப் பயனர் ரூட் ஆகவே முடிந்தது.

இலக்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) என்றால் முதலில் ரியல்பாத் மூலம் உண்மையான இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரிசால்வ்.கான்ஃப் பெரும்பாலும் சிம்லிங்க்தான். அப்படியே பெயர் மாற்றினால் சிம்லிங்க் அழிந்து, அந்த இடத்தில் சாதாரணக் கோப்பு உட்கார்ந்துவிடும்.

டாக்கர் கன்டெய்னருக்குள் ஹோஸ்ட்ஸ், ரிசால்வ்.கான்ஃப் கோப்புகள் தனித்தனியாக பைண்டு மவுண்ட் செய்யப்பட்டவை, அதாவது வெளியிலிருந்து கொண்டுவந்து அந்த இடத்தில் பொருத்தப்பட்டவை. அவற்றின் மேல் ரீநேம் செய்தால் ஈபிஸி பிழைதான் கிடைக்கும். அங்கே இந்த முறை செல்லாது. கன்டெய்னரைத் தொடங்கும்போதே தேவையான மதிப்பைக் கொடுத்துவிடுவதே சரி.

6. எழுதுங்கள், ஒவ்வொரு விடையையும் பாருங்கள்

பழைய வரிகளையும் புதிய வரியையும் தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எஃப்ஃப்ளஷ், அதன் விடை. பிறகு எஃப்எர்ரர், அதன் விடை. நடுவில் எங்கோ ஓர் அழைப்பின் விடையைப் பார்க்க மறந்திருந்தாலும், அந்தப் பிழையை எஃப்எர்ரர் நினைவில் வைத்திருக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

ரைட்டை நேரடியாக அழைப்பவர்கள் லூப்பில் எழுதுங்கள். கேட்டது 8000 பைட், எழுதியது 3000 என்று திரும்பலாம். அது பிழை இல்லை, மிச்சத்தை மறுபடி எழுத வேண்டும். சிக்னல் குறுக்கிட்டு ஒரு பைட்டும் எழுதாவிட்டால் ஈஐஎன்டிஆர் வரும். கொடியைப் பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். பாதி எழுத்துக்குப் பிறகு அடுத்த அழைப்பில் இடமில்லை என்ற ஈநோஸ்பேஸ் வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு 11ஆம் பகுதிக்குப் போங்கள்.

7. உரிமையாளர், அனுமதி

எம்கேஎஸ்டெம்ப் உருவாக்கும் கோப்பு 0600. பாஸ்வேர்டு கோப்பு 0644 ஆக இருக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? எல்எஸ் கட்டளையில் பயனர் பெயர்களுக்குப் பதில் வெறும் எண்கள் வரும், ஷெல்லில் உங்கள் பெயரே தெரியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். அனுமதி மட்டும்தான் தவறியிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்து: ஷேடோ கோப்பை எல்லாரும் படிக்கும்படி விடுவது. டெபியனில் அது 0640, உரிமையாளர் ரூட், குழு ஷேடோ. எண்களை நிரலில் எழுதிவைக்காமல், பழைய கோப்பை எஃப்ஸ்டாட் செய்து வந்த மதிப்பையே போடுங்கள்.

முதலில் எஃப்சவுன், பிறகு எஃப்சிமாட். அனுமதியை முன்னால் திறந்துவிட்டால், தவறான குழு ஒரு கணம் படிக்க முடியும். எஸ்இலினக்ஸ் உள்ள சிஸ்டத்தில் பாதுகாப்பு லேபிளையும் நகலெடுக்க வேண்டும். இவை எல்லாம் எஃப்சிங்க்குக்கு முன்.

8. எஃப்சிங்க், பிறகு எஃப்க்ளோஸ்

எஃப்ஃப்ளஷ் கர்னல் வரைதான் கொண்டுபோகும். டிஸ்க் வரை போக எஃப்சிங்க் வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை: எஃப்ஃப்ளஷுக்கு முன் எஃப்சிங்க் அழைத்தால், பஃபரில் இருப்பது இன்னும் கர்னலுக்கே போகவில்லை, காலிக் கோப்பைத்தான் பத்திரப்படுத்துவீர்கள்.

எஃப்சிங்க் இல்லாமல் பெயர் மாற்றினால், புதிய பெயர் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளடக்கம் போகாத நிலையில் மின்சாரம் போகலாம். எக்ஸ்ட்4இல் 2009 வாக்கில் பலரும் பார்த்த 0 பைட் கோப்புகள் அப்படி வந்தவைதான். கர்னல் 2.6.30 முதல் எக்ஸ்ட்4 இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்துத் தானே முன்னெச்சரிக்கை எடுக்கிறது. ஆனால் உங்கள் நிரல் எந்தக் கோப்பு முறைமையில் ஓடும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எஃப்சிங்க்கைப் போட்டுவிடுங்கள்.

எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்துப் பார்க்காதீர்கள். லினக்ஸில் முதல் தோல்விக்குப் பிறகு அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டவை என்று குறிக்கப்படலாம். இரண்டாவது அழைப்பு, எதுவும் டிஸ்க்குக்குப் போகாமலேயே வெற்றி என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் இந்தச் சிக்கலை 2018இல் எதிர்கொண்டது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதல், எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸே நின்று, பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றினார்கள். உங்கள் நிரலுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: தற்காலிகக் கோப்பைத் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

எஃப்க்ளோஸின் விடையையும் பாருங்கள். என்எஃப்எஸ் போன்றவற்றில் சில பிழைகள் மூடும்போதுதான் தெரியவரும். அது தோற்றாலும் இரண்டாம் முறை மூட முயலாதீர்கள். லினக்ஸில் டிஸ்கிரிப்டர் ஏற்கெனவே விடுபட்டிருக்கும். அதே எண் இன்னொரு த்ரெட்டுக்குப் போயிருந்தால் அவருடைய கோப்பை மூடிவிடுவீர்கள்.

9. புதிய கோப்பைச் சோதியுங்கள்

டிஸ்க்கில் பத்திரமாக இருப்பது சரியான கோப்பு என்று ஆகாது. பழையதன் வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், ரூட் வரி இருக்கிறதா பாருங்கள், கடைசியில் வரிமுறிவு இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டு, ஷேடோ என்றால் பிடபிள்யூசிகே கட்டளையைப் படிக்க மட்டும் செய்யும் விருப்பத்தோடு, தற்காலிகக் கோப்புகளின் பெயரைக் கொடுத்து ஓட்டலாம். சூடோயர்ஸுக்கு விசூடோவில் சோதிக்கும் விருப்பம் இருக்கிறது.

10. பெயர் மாற்றுங்கள், அடைவையும் எஃப்சிங்க் செய்யுங்கள்

இங்கே இரண்டாம் வகை சிக்னல்களையும் தடுத்துவிடுங்கள். தடுத்த பிறகு ஒரு முறை கொடியைப் பாருங்கள். 1 என்றால் பின்வாங்குங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. 0 என்றால் ரீநேம்.

ரீநேம் அணு போன்றது: அந்தக் கோப்பைத் திறப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். நடுநிலை என்று ஒன்று இல்லை. பழையதை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பெயர் மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் பாஸ்வேர்டு கோப்பே இல்லாத ஒரு சிஸ்டம் இருக்கிறது. நீக்கத் தேவையே இல்லை, ரீநேம் தானே மேலே போட்டுக்கொள்ளும்.

காப்பு நகல் வேண்டுமென்றால் ரீநேமுக்கு முன் எடுங்கள். பெயரின் இறுதியில் ஒரு கழித்தல் குறி போட்டு வைப்பது ஷேடோ தொகுப்பின் வழக்கம்.

அடுத்து அந்த அடைவைத் திறந்து எஃப்சிங்க் செய்யுங்கள். பெயர் என்பது அடைவில் இருக்கும் தகவல். கோப்பின் எஃப்சிங்க் அதைப் பத்திரப்படுத்தும் என்று உறுதியில்லை. இது தோற்றால் பெயர் மாற்றத்தைத் திருப்ப முயலாதீர்கள். கோப்பு எந்த நிலையிலும் முழுதாகவே இருக்கிறது; பிழையைத் தெரிவித்தால் போதும். பிறகு பூட்டை விடுங்கள், சிக்னல் தடையை எடுங்கள், இந்த வரிசையில்.

இரண்டு கோப்புகளை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. ரீநேம் ஒரு கோப்புக்குத்தான் அணு. இரண்டுக்கும் சேர்த்து அல்ல. முதலில் இரண்டு தற்காலிகக் கோப்புகளையும் முழுதாகத் தயார் செய்து, எஃப்சிங்க் செய்து, சோதித்து முடித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு ரீநேம்களையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள். பயனரைச் சேர்க்கும்போது ஷேடோ முன்னால், பாஸ்வேர்டு பின்னால், நீக்கும்போது தலைகீழ். இடையில் நின்றாலும் ஷேடோவில் ஆளில்லாத ஒரு வரி மிஞ்சும், அவ்வளவுதான்.

11. தோல்விப் பாதை

எந்தப் படியில் தோற்றாலும் ஒரே இடத்துக்குத் தாவுங்கள்: தற்காலிகக் கோப்பை மூடு, நீக்கு, பூட்டை விடு, எந்தப் படியில் எந்தப் பிழை என்று சொல், பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறு. பிழை எண்ணை முதலில் ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். நீக்கும் அழைப்பு அதை மாற்றிவிடலாம்.

நீக்குவதை விட்டுவிட்டால் அது மிச்சம் மட்டும் இல்லை. மவுண்ட் நிரல் தோற்ற பிறகு தற்காலிக எம்டேப்பை நீக்காமல் விட்டதும் தனியாக ஒரு சிவிஇ எண் பெற்றது: 2011-1676. சிக்கில்லால் செத்தால் தற்காலிகக் கோப்பு கிடக்கத்தான் செய்யும். அடுத்த முறை, பூட்டு கையில் கிடைத்த பிறகு, பழைய மிச்சங்களை நீக்கலாம். பூட்டு இல்லாமல் நீக்காதீர்கள். அது இன்னொருவர் இப்போது எழுதிக்கொண்டிருப்பதாக இருக்கலாம்.

12. ஷெல், பைத்தான்

ஷெல்லில் முதல் தவறு, ஒரே கோப்பைப் படித்து அதற்கே திருப்புவது. '>' குறியைப் பார்த்தவுடன், கட்டளை ஓடும் முன்பே, ஷெல் கோப்பைக் காலி செய்துவிடும். எம்கேடெம்ப் கொண்டு அதே அடைவில் உருவாக்கி, எழுதிய கட்டளையின் விடையைப் பார்த்து, சவுன், சிமாட் செய்து, சிங்க் கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து, பிறகு எம்வி. கோர்யூட்டில்ஸ் 8.24 முதல் சிங்க் கட்டளை கோப்புப் பெயரை ஏற்கிறது. தற்காலிகக் கோப்பை நீக்க எக்ஸிட் மேல் ஒரு ட்ராப் வையுங்கள். எம்வி வேறு கோப்பு முறைமைக்கு என்றால் பிழை சொல்லாமல் நகலெடுக்கத் தொடங்கிவிடும். அதனால் அடைவு விஷயத்தில் இங்கே இரட்டைக் கவனம் வேண்டும்.

பைத்தானில் எழுதும் நிலையில் ஓப்பன் செய்த நொடியே கோப்பு காலி. தற்காலிகக் கோப்பில் எழுதி, ஃப்ளஷ், பிறகு ஓஎஸ் எஃப்சிங்க், மூடி, பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ். பைத்தான் 3.5 முதல் ஈஐஎன்டிஆர் மறுமுயற்சியை மொழியே செய்கிறது.

13. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தவிர்க்காதீர்கள். தோல்விப் பாதை ஒருமுறைகூட ஓடாத நிரலை நான் சர்வருக்கு அனுப்ப விடுவதில்லை.

முதலில் டெவ் அடைவில் இருக்கும் ஃபுல் என்ற சாதனம். அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழை வரும். எழுதும் பகுதியை மட்டும் அதற்குத் திருப்பிப் பாருங்கள். நிரல் வெற்றி என்று சொன்னால் எங்கோ விடையைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அடுத்து 64 கிலோபைட் அளவில் ஒரு டெம்ப்எஃப்எஸ் மவுண்ட் செய்து, அதை ஏறத்தாழ நிரப்பிவிட்டு அங்கே நிரலை ஓட்டுங்கள். எக்ஸ்ட்4இல் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாறலாம்: இயல்பாக 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், ரூட்டாக ஓடும் உங்கள் நிரல் நிரம்பிய டிஸ்க்கிலும் எழுதிவிடும்.

யூலிமிட் சோதனையைத் தனி சப்ஷெல்லில் செய்யுங்கள். சாதாரணப் பயனர் ஒருமுறை குறைத்த வரம்பை அந்த ஷெல்லில் மறுபடி உயர்த்த முடியாது. இரண்டு விதமாக ஓட்டுங்கள். 2ஆம் பகுதியில் சொன்ன வரம்பு நீக்கும் வரியை வைத்தபடி ஒரு முறை, நிரல் வெற்றி பெற வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு முறை, நிரல் பிழை சொல்லிப் பழைய கோப்பை அப்படியே விட வேண்டும்.

எஸ்டிரேஸின் இன்ஜெக்ட் விருப்பம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். முதல் எஃப்சிங்க் அழைப்புக்கு ஈஐஓ பிழை கொடு, மூன்றாவது ரைட் அழைப்பின்போது சிக்இண்ட் அனுப்பு என்றெல்லாம் சொல்லலாம். ரைட், எஃப்சிங்க், க்ளோஸ், ரீநேம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தோற்கடியுங்கள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் மூன்றைப் பாருங்கள்: இலக்குக் கோப்பின் செக்சம் பழையதோ புதியதோ ஆக இருக்கிறதா, தற்காலிகக் கோப்பு மிஞ்சியதா, வெளியேறும் எண் சரியா.

கடைசியாக, நிரலை லூப்பில் ஓட்டிக்கொண்டே, ஏதோ ஒரு நொடியில் சிக்கில் அனுப்பும் ஒரு சிறிய ஸ்கிரிப்டை ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினை நடுவில் சட்டென்று அணைத்தும் சில முறை பாருங்கள். காலையில் செக்சம் பட்டியலில் மூன்றாவதாக ஒரு மதிப்பு இருந்தால், 6, 8, 10 ஆகிய பகுதிகளை அந்த வரிசையிலேயே உங்கள் நிரலோடு வைத்து ஒப்பிடுங்கள். நான் திருத்திய நிரல்களில் பிழை பெரும்பாலும் எஃப்ஃப்ளஷுக்கும் எஃப்சிங்க்குக்கும் இடையில்தான் இருந்தது.